83இன் 37 வீதம்

உயர்தரத்தில் கணிதப் பிரிவு செய்த ஆக்களிடம் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போக எழுதுகிற ஜீ.ஆர்.ஈ. சோதனையின் கணக்கைப் பற்றிக் கேட்டால், சொல்லி வைத்ததுபோல ஒரே பதில்தான் வரும்: "அது ஓ.எல். கணக்கு, இரண்டு கிழமை பார்த்தால் காணும்." பாடத்திட்டத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம், கொஞ்சம் புள்ளிவிபரம், நிகழ்தகவு. திரிகோணகணிதம் கிடையாது, வகையீடும் தொகையீடும் கிடையாது, எதையும் நிறுவிக் காட்டச் சொல்லவும் மாட்டார்கள். எறியமும் மோதுகையும் எழுதி எழுதிக் கைவலித்த எங்களுக்கு இதெல்லாம் ஒரு சோதனையா என்றுதான் இருக்கும்.

அப்படி எழுதிப் பழகிய கைதான் இங்கே இடைஞ்சல்.

உயர்தர இணைந்த கணிதத்தில் ஒரு பேப்பருக்கு மூன்று மணித்தியாலம். முதல் பகுதியில் பத்துக் கேள்வி, இரண்டாம் பகுதியில் ஏழில் ஐந்து. சும்மா பிரித்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 12 நிமிடம். விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி விழும். எங்கட சேர் போர்ட்டில் சோக்கால் தட்டித் தட்டிச் சொல்லுவார், "ஒரு வரியும் விடக்கூடாது, வரிக்கு வரி மார்க்ஸ்" என்று. ஜீ.ஆர்.ஈ.யை 2023 செப்டெம்பரில் சுருக்கிவிட்டார்கள். இப்போது முழுச் சோதனையுமே 1 மணி 58 நிமிடம். அதில் கணிதம் இரண்டு பகுதி: 12 கேள்விக்கு 21 நிமிடம், 15 கேள்விக்கு 26 நிமிடம். ஒரு கேள்விக்குக் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் நிமிடம்தான். நீங்கள் எழுதின வரிகளை யாரும் பார்க்கப்போவதில்லை.

நானும் மச்சாளும் சேர்ந்துதான் படிக்கிறோம். நான் கட்டுபெத்தையில் பொறியியல் படித்துவிட்டு சொஃப்ட்வெயர் வேலை. அவள் கலைப்பிரிவு, பல்கலைக்கழகத்தில் பொருளியல். ஓ.எல்.லுக்குப் பிறகு இருபடிச் சமன்பாட்டின் முகத்திலேயே முழிக்கவில்லை என்று பெருமையாகவே சொல்லுவாள். சனிக்கிழமை பின்னேரங்களில் தெகிவளையிலிருந்து 100 பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வருவாள், வரும்போது காலி வீதியில் மரக்கறி ரோல்ஸ் வாங்கி வருவாள். அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "கம்பஸ் முடிச்ச பிள்ளையளுக்கு இன்னும் என்ன கணக்குப் பாடம்?" என்று பிளேன்ரீயை வைத்துவிட்டுப் போவா.

இந்தச் சோதனைக்கே உரிய ஒரு வகைக் கேள்வி இருக்கிறது. இரண்டு அளவுகளைத் தருவார்கள். முதலாவது பெரிதா, இரண்டாவது பெரிதா, சமனா, அல்லது தந்த தகவலை வைத்துச் சொல்லமுடியாதா? நாலே தெரிவு, எப்போதும் அதே நாலு. ஒருநாள் இப்படி ஒன்றைச் செய்தோம்: முதலாவது, 83இன் 37 வீதம். இரண்டாவது, 37இன் 83 வீதம். நான் 83ஐ 37ஆல் பெருக்கி, 30.71 என்று எழுதி, கோடு கீறி, அடுத்ததைத் தொடங்குகிறேன். மச்சாள் ரோல்ஸைக் கடித்தபடி, "ரெண்டும் ஒண்டுதானே, என்னத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாய்?" என்றாள். இரண்டிலும் அதே இரண்டு எண்களைப் பெருக்கி நூறால் வகுக்கிறோம், இடம்தான் மாறியிருக்கிறது. 30.71 என்ற எண்ணை யாருமே கேட்கவில்லை.

அவளுக்குப் பெருக்கப் பஞ்சி. அந்தப் பஞ்சி இங்கே பெரிய முதல். கேள்வியைப் பார்த்ததும் எனக்குப் பேனை ஓடும், அவள் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள், "இதைச் செய்யாமல் தப்ப வழி இருக்கா" என்று பார்ப்பாள். 2இன் 30ஆம் வலு பெரிதா, 3இன் 20ஆம் வலு பெரிதா? திரையில் ஒரு கல்குலேற்றர் தருகிறார்கள்தான். ஆனால் அது எட்டு இலக்கம் வரைதான் காட்டும், அதற்கு மேலே போனால் 'எரர்' என்று நிற்கும். இந்த இரண்டு எண்ணும் பத்து இலக்கம். 8இன் 10ஆம் வலு, 9இன் 10ஆம் வலு என்று மாற்றிப் பார்த்தால் கேள்வி அங்கேயே முடிந்தது. மடக்கை அட்டவணையோடு சோதனை எழுதி வந்த எங்களுக்குக் கல்குலேற்றர் கிடைத்ததே பெரிய சலுகையாகத் தெரியும். அதை அடிக்கடி திறக்கிறோம் என்றால் வேறு பாதை ஒன்று கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

எழுத்துகள் வருகிற கேள்விகளில் கதை வேறு. x, y-ஐ விடப் பெரியது என்று மட்டும் சொல்லிவிட்டு வர்க்கங்களில் எது பெரிது என்று கேட்பார்கள். 2உம் 1உம் போட்டால் முதலாவது பெரிது, 1உம் மறை 2உம் போட்டால் இரண்டாவது பெரிது, ஆகவே சொல்லமுடியாது. இப்படிப் போட்டுப் பார்க்கிற எண்களுக்கு நாங்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறோம்: பூச்சியம், ஒன்று, மறை ஒன்று, அரை, பிறகு ஒரு பெரிய எண். 'நிறைவெண்' என்று கேள்வி சொல்லாதவரை அரையை மறக்கக்கூடாது.

வீதக் கணக்கில் மச்சாளோடு போட்டி போடவே முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதம் 360 அளவுக்குப் போனது. டொலரின் விலை 80 வீதம் ஏறியது, ரூபாயின் பெறுமதி எத்தனை வீதம் விழுந்தது? 80 என்று சொல்ல வாய் வரும். விடை 44 வீதத்துக்குக் கொஞ்சம் மேலே, ஏனென்றால் இந்த முறை 360இலிருந்து 200ஐப் பார்க்கிறோம், அடி மாறிவிட்டது. ஜீ.ஆர்.ஈ. வீதக் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த அடி மாறுகிற விளையாட்டுத்தான் என்பது என் எண்ணம். சோதனைக் கட்டணமும் டொலரில்தான், அந்தப் பாடத்தைக் கொழும்பில் யாருக்கும் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

நான் அவளுக்குக் கொடுத்ததும் இருக்கிறது. காரணிப்படுத்தல், சுட்டி விதிகள், சமனிலியை மறை எண்ணால் பெருக்கும்போது குறி திரும்புவது, வரிசைமாற்றமும் சேர்மானமும். கடைசி இரண்டிலும் அவள் இன்னும் தடுமாறுகிறாள். நியம விலகலை நான் சூத்திரத்தோடு தொடங்க, அவள் மறித்து, "1, 2, 3, 4, 5க்கும் 101, 102, 103, 104, 105க்கும் ஒரே விலகல்தானே, அவ்வளவும் விளங்கினால் காணும்" என்றாள். காணும்தான். படங்களைப் பற்றி ஒன்று: கேத்திரகணித உருக்கள் அளவுத்திட்டப்படி வரையப்பட்டவை என்று நம்பக்கூடாது, செங்கோணம் மாதிரித் தெரிந்தாலும் செங்கோணமாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை. வரைபுகளும் ஆள்கூற்றுத் தளமும் அளவுப்படிதான் இருக்கும், அவற்றைக் கண்ணால் மதிப்பிடலாம்.

முதல் பகுதியில் எப்படிச் செய்கிறோம் என்பதை வைத்துத்தான் இரண்டாம் பகுதியின் கடினம் தீர்மானமாகிறது. அதற்காக முதல் 12இல் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. அடையாளம் இட்டுவிட்டு அந்தப் பகுதிக்குள் திரும்பி வரலாம், பிழைக்குப் புள்ளி வெட்டுவதும் இல்லை. வெறுமையாக விடுவதுதான் நட்டம்.

டியூசன் வகுப்புக்குக் காசு கட்டுவதா என்று கேட்கிறவர்களுக்கு: சோதனையை நடத்துகிற ஈ.டி.எஸ். இரண்டு முழுப் பயிற்சித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது, பவர்ப்ரெப் என்று பெயர். கணித மீள்பார்வைக் குறிப்பும் இலவசம். முதலில் அவற்றை முடியுங்கள். நாங்கள் பயிற்சித் தேர்வைப் போயா நாளில் வைத்தோம். லீவு கேட்கத் தேவையில்லை, காலி வீதியும் கொஞ்சம் அடங்கி இருக்கும்.

இனி, எங்கே எழுதுவது. வீட்டிலிருந்தும் எழுதலாம், மச்சாள் அதைத்தான் எடுத்திருக்கிறாள். அறைக்குள் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவேண்டும். வெறும் கடதாசியில் எழுத விடமாட்டார்கள், அழித்து எழுதக்கூடிய சின்னப் பலகை ஒன்று, இல்லாவிட்டால் ஊடுதெரியும் உறைக்குள் வைத்த ஒரு தாள், அவ்வளவுதான். அவள் புறக்கோட்டையில் ஒரு பலகை வாங்கி வைத்திருக்கிறாள், பள்ளிக்கூடச் சிலேற்றை விடக் கொஞ்சம் பெரிது, அதுவே அவளுக்கு மிச்சம். எங்கட ஒழுங்கையில் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், கடற்கரைப் பக்கம் ரயில் போகும், அம்மா எந்த நேரமும் கதவைத் திறப்பா. அதைவிட, அந்தப் பலகை எனக்கு இரண்டு கேள்விக்குக் காணாது. நான் சோதனை நிலையத்தில் எழுதப் பதிந்திருக்கிறேன், அங்கே கடதாசி தருவார்கள்.