போர்ட் டக்ளஸ்: படகும் தூண்டிலும் தேடிப் போக ஓர் ஊர்

சிங்கப்பூரில் தூண்டில் போடும் நண்பர்களிடம் விடுமுறையைப் பற்றிப் பேசினால், மலேசியாவில் உள்ள ரொம்பினின் மயில் மீனும், இந்தோனேசியாவில் உள்ள பிந்தானின் கேலோங் எனும் கடல்மேல் கட்டிய மீன்பிடிக் குடிலும்தான் முதலில் வரும். வார இறுதியில் போய்த் திரும்பிவிடலாம். செலவும் கைக்கு அடங்கும். ஆனால் படகோட்டமும் ஆழ்கடல் மீன்பிடிப்பும் ஒரே இடத்தில் வேண்டும், உடன் வரும் குடும்பத்தாருக்கு நல்ல கடற்கரையும் வசதியான தங்குமிடமும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது தயங்காமல் சொல்லும் ஊர், ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடபகுதியில் இருக்கும் போர்ட் டக்ளஸ். சாங்கியிலிருந்து கெய்ன்ஸ் நகருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து ஒருபுறம் மலைக்காடும் மறுபுறம் கடலும் ஒட்டியே வரும் கேப்டன் குக் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி ஒரு மணி நேரம் காரோட்டினால் ஊர் வந்துவிடும். நம்மைப் போலவே அங்கும் இடப்புறம் ஓட்டுவதால் வாடகைக் கார் எடுப்பதில் சிரமம் இல்லை.

அந்த ஊருக்கு இன்றுள்ள செல்வம் பழைய செல்வம் அன்று. 1877இல் உள்நாட்டுத் தங்க வயல்களுக்கான துறைமுகமாக அது தோன்றியது. அப்போதைய குவீன்ஸ்லாந்து முதல்வர் ஜான் டக்ளஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறகு ரயில் பாதை கெய்ன்ஸுக்குப் போனது. வணிகமும் அதன் பின்னே போனது. 1911இல் வீசிய சூறாவளி எஞ்சியிருந்த ஊரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள் அது ஒரு சிறு மீனவர் குடியிருப்பாகவே கிடந்தது. 1987இல் ஷெரட்டன் மிராஜ் எனும் பெரிய உல்லாச விடுதி திறக்கப்பட்ட பிறகே பணக்காரர்களின் கண் அதன்மேல் விழுந்தது. இத்தனை பணம் வந்தும் ஊர் உயரவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. மக்ரோசன் தெருவில் நடக்கும்போது தென்னையை விஞ்சி நிற்கும் கட்டடம் ஒன்றும் கண்ணில் படவில்லை. அடுக்குமாடிகளுக்கிடையே வாழும் நமக்கு அந்தத் தாழ்ந்த கூரைகளும் அவற்றின் மேல் விரிந்த வானமுமே பாதி விடுமுறை.

கடற்கரையின் பெயர் ஃபோர் மைல் பீச். ஓதம் வடிந்த நேரத்தில் மணல் இறுகிக் கெட்டியாகிவிடுவதால் மிதிவண்டியே ஓட்டுகிறார்கள். குளிப்பதற்கு மட்டும் மாதம் பார்க்க வேண்டும்: ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரை உயிருக்கே ஆபத்தான பெட்டிச் சொறிமீன்கள் கரையோரம் வரும் காலம். அப்போது வலை கட்டிய பகுதிக்குள் மட்டுமே இறங்கலாம். டிக்சன் கழிமுகத்தின் ஓரமெங்கும் முதலை எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. அவை அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல.

அந்தக் கழிமுகத்தில்தான் படகுத்துறை இருக்கிறது. கோடீசுவரர்களின் பெரும் உல்லாசப் படகுகளும், பவளத் திட்டுகளுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கட்டமரான்களும், உப்பேறிப் பழுத்த சிறு மீன்பிடிப் படகுகளும் ஒரே நீரில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. மீன்பிடிப்பில் ஆர்வமில்லாத என் அக்கா, லோ ஐல்ஸ் தீவுக்குப் பாய்மரப் படகில் போய்வந்தார். கரையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தச் சிறு தீவில், 1878இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. ஆமைகளுக்கு மேலே மிதந்தபடி நீந்தியதை அவர் சொல்லி மாளவில்லை. படகுச் சங்கத்தார் புதன்கிழமைப் பிற்பகல்களில் வெளியூராரையும் தங்கள் பாய்மரப் படகுகளில் ஏற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. உல்லாச விடுதியின் நீச்சல் குளத்தருகே ஒரு நாளைக் கழிப்பதைவிட அது எத்தனையோ மேல் என்பேன்.

இனி மீன்பிடிப்பு. இந்தக் கடற்பகுதிக்கு உலகப் புகழ் தேடித் தந்தது, ஈட்டி போல நீண்ட மூக்குள்ள பெருமீனான கறுப்பு மார்லின். 1966 செப்டம்பரில், ஜார்ஜ் பிரான்ஸ்ஃபோர்டு என்ற அமெரிக்கரின் ‘சீ பேபி’ படகிலிருந்து ரிச்சர்ட் ஓபாக் என்பவர் 1,064 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 483 கிலோ எடையுள்ள மார்லினைத் தூண்டிலில் பிடித்தார். அன்றிலிருந்து ஆயிரம் பவுண்டு மீனைத் தேடி உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிரேட் பேரியர் ரீஃப் எனும் பவளப் பெருந்திட்டுத் தொடரின் வெளி விளிம்பில் கடலின் அடித்தளம் சட்டென்று பெரும் ஆழத்துக்கு இறங்குகிறது. ஓபல் திட்டு, லிண்டன் பேங்க் போன்ற அந்த விளிம்போரங்களுக்குச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மார்லின்கள் முட்டையிட வருகின்றன. பெருத்தவை எல்லாம் பெண் மீன்களே; ஆண் மீன் 200 கிலோவைத் தாண்டுவது அரிது. ஒரு பெரிய மார்லினைக் கொன்று கரையில் தொங்கவிட்டுப் படம் எடுப்பது கோடிக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும் தாயைக் கொல்வது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். இன்று பெரும்பாலான படகுகள் மீனைப் படகோரம் வரை கொண்டுவந்து, முதுகில் அடையாளச் சீட்டுக் குத்தி, விட்டுவிடுகின்றன. வணிக மீன்பிடிப் படகுகள் கறுப்பு மார்லினை வைத்துக்கொள்ள ஆஸ்திரேலியச் சட்டம் இடம் தருவதே இல்லை.

மார்லின் படகு ஒன்றை நாள் வாடகைக்கு எடுக்கப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். நாங்கள் அதற்குப் போகவில்லை. ஆனால் மாலையில் துறையில் நின்று, மறுநாளுக்கு அவர்கள் இரை தயாரிப்பதை நெடுநேரம் பார்த்தேன். ஓர் இளைஞர் முழங்கை நீள மீன் ஒன்றின் குடலை நீக்கி, மெழுகு பூசிய நூலால் அதன் வாயை நெருக்கமாகத் தைத்தார். வாய் திறந்திருந்தால் இழுபடும் வேகத்தில் நீர் புகுந்து மீன் கிழிந்துவிடும் என்று விளக்கினார். அவர் கோத்த முள் வட்ட முள். அதன் நுனி உள்நோக்கி வளைந்திருக்கும். மீன் இரையை விழுங்கினாலும் முள் தொண்டையில் தைக்காமல் வழுக்கி வந்து தாடை ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். விடப்போகும் மீன் பிழைப்பதற்கு அந்த வளைவே காரணம்.

நாங்கள் ஏறியது ஆளுக்குச் சில நூறு வெள்ளியில் இடம் கிடைக்கும் பொதுப் படகு. கழிமுகத்தைத் தாண்டியதும் கேப்டன் என்னையும் அத்தானையும் அழைத்துத் திரையில் வரைபடத்தைக் காட்டினார். நீலப் பரப்பின் நடுவே பச்சைக் கட்டங்கள். 2004 முதல், பெருந்திட்டுக் கடற்பூங்காவின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பச்சை வலயம். அதற்குள் படகோட்டலாம், நீந்தலாம், தூண்டில் போடக் கூடாது. நாங்கள் போக வேண்டிய திட்டின் பாதி பச்சைக்குள் இருந்தது. கோட்டுக்கு இப்பால் அவர் மிகக் கவனமாக நங்கூரமிட்டார். அந்தக் கோட்டைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. உள்ளே மீன் பெருகினால்தான் வெளியே தனக்குத் தொழில் என்றார். பச்சை வலயங்களுக்குள் கோரல் டிரவுட் எனும் செங்கலவாய் மிகுந்திருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

முற்பகலில் அத்தானின் கோல் வளைந்தது. நரம்பு ரீலிலிருந்து கூவிக்கொண்டே போனது. அவர் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றும் மீன் திட்டை நோக்கியே இழுத்தது. பெரும்பாறை மீனின் குணம் அது: நரம்பைப் பவளத்தில் உராய்த்து அறுக்கப் பார்க்கும். தோள் சோர்ந்து வியர்வையில் நனைந்த பிறகே மேலே வந்தது. படகில் உதவிக்கு இருந்த பெண் முதலில் தன் கைகளைக் கடல்நீரில் நனைத்துக்கொண்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பு உரிந்து புண்ணாகுமாம். வாலை ஒரு கையாலும் வயிற்றை மறு கையாலும் தாங்கி, ஒருபோதும் செங்குத்தாகத் தூக்காமல், முள்ளைக் கழற்றினார். வெள்ளிச் செதில்மேல் கறுப்புப் புள்ளிகள் தூவியிருந்தன. கண் அசைந்து எங்களைப் பார்த்தது. “போகட்டும் தம்பி, இவ்வளவு சண்டை போட்டவன வீட்டுக்கு அனுப்பிடுவோம்” என்றார் அத்தான். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்தபோது செவுள் நிதானமாகத் திறந்து மூடியது. பிறகு ஒரே வாலடியில் அது இறங்கிப் போனது.

உணவுக்கு நாங்கள் வைத்துக்கொண்டது வஞ்சிரம். குவீன்ஸ்லாந்தின் கிழக்குக் கடலில் அது 75 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 2023 ஜூலை முதல் ஒருவருக்கு ஒன்றுதான். படகில் விரித்த அளவுப் பாயில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து அளந்து பார்த்த பிறகே அதை ஐஸ் பெட்டியில் போட்டார்கள். மிகப் பெரிய வஞ்சிரத்தைக் கேப்டன் விரும்புவதில்லை. திட்டுகளைச் சார்ந்து வாழும் பெருமீன்களில் சிகுவாட்டெரா என்ற நச்சு சேர்ந்திருக்கலாம். குழம்பு வைத்தாலும் வறுத்தாலும் உறைய வைத்தாலும் அது அழிவதில்லை. நடுத்தர மீனே நல்லது. அன்று மாலை, தங்கியிருந்த வீட்டின் சமையலறையில், தேக்காவிலிருந்து கொண்டுபோன மீன் மசாலாவை அக்கா தடவி வறுத்தார். மசாலாப் பொட்டலத்தைக் கெய்ன்ஸ் விமான நிலையத்தில் அறிவித்துக் காட்டிய பிறகே அனுமதித்தார்கள். உணவுப் பொருள், பயன்படுத்திய தூண்டில் சாமான் இரண்டையும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

அந்தக் கடல் நலமாக மட்டுமே இருக்கிறது என்று எழுதினால் பொய்யாகும். 2016இல் வெப்பத்தால் பவளம் வெளுத்ததில் பெருந்திட்டின் வடபகுதிக்கே பெரும் அடி விழுந்தது. அதன் பிறகும் வெளுப்பு மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது. நான் முகமூடி அணிந்து இறங்கிய இடத்தில் உயிருள்ள நீலக் கிளைகளுக்கிடையே பாசி படர்ந்த செத்த கிளைகளும் நின்றன. அதைப் பார்த்த பிறகு, இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நம் ஊர்ப் படகுத்துறைகளில் விரல் நீள மீன்குஞ்சுகளும் வாளிக்குள் போவதைப் பார்க்கும்போது, அந்த அளவுப் பாயை இங்கேயும் விரிக்கத் தோன்றுகிறது.

போக நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை செப்டம்பர். ஏப்ரல் தொடங்கிப் பல மாதங்கள் ஓயாமல் வீசும் தென்கிழக்குக் காற்று அப்போது தணியத் தொடங்கும். சொறிமீன் காலம் இன்னும் வந்திருக்காது. மார்லின் வரத் தொடங்கியிருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமாவாசையை ஒட்டி, திட்டு மீன்களுக்கு ஐந்தைந்து நாள் தடை இருக்கும். வஞ்சிரத்துக்கும் தனித் தடைக்காலங்கள் உண்டு. அந்தத் தேதிகளைக் குவீன்ஸ்லாந்து மீன்வளத் துறை முன்கூட்டியே வெளியிடுகிறது. விமானச் சீட்டு வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். படகுக்காரரிடம் எந்த முள் பயன்படுத்துகிறார், எதை விடுவார், எதை வைப்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.