சியன்னாவில் ஒரு பாதிச் சுவர்

இன்று முழுக்க இத்தாலியின் சியன்னா நகரில் நடைதான். கேம்போ சதுக்கம் சிப்பி மாதிரி சரிந்து கிடக்கிறது. அந்தக் காலத்தில் ஊரை ஆண்ட ஒன்பதின்மர் சபையின் நினைவாக, செங்கல் தரையை வெள்ளைக் கல் கோடுகள் ஒன்பது பாகமாகப் பிரிக்கின்றன. வெயிலில் சூடேறிய செங்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

அப்புறம் பேராலயம். உள்ளே கறுப்பு வெள்ளைப் பளிங்குத் தூண்கள் அழகுதான். ஆனால் என்னை நிறுத்தியது பக்கத்தில் கூரையில்லாமல் நிற்கும் ஒரு பெரிய சுவர். 1339இல் ஆலயத்தைப் பெரிதாக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 1348இல் கொள்ளைநோய் ஊரையே வாரிக்கொண்டு போனது. வேலையும் நின்றுபோனது. குறுகலான படியேறி அதன் உச்சிக்குப் போனேன். நடுமண்டபம் வந்திருக்க வேண்டிய இடத்தில் கீழே மக்கள் நடந்து போகிறார்கள். பெரிய சன்னல் வளைவுக்குள் வெறும் வானம். இறங்கவே மனமில்லை.