கோழித் தீவனத்துக்கு சோயா: வறுத்தும் அவித்தும் பார்த்ததில் தெரிந்தவை

பச்சை சோயாவை அரைத்துப் போட்டால் கோழி தின்னும், ஆனால் தேறாது. அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான், புரதத்தைச் செரிக்கும் நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரந்து பெருத்துப்போகும். அந்தச் சுரப்பில் கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் வீணாகின்றன. சோயாவிலோ அவற்றில் ஒன்றான மெத்தியோனின் ஏற்கெனவே குறைவு. குஞ்சுகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். கூடவே இருக்கும் லெக்டின் குடல் சுவரில் ஒட்டிச் சத்து உறிஞ்சப்படுவதைக் கெடுக்கிறது. இரண்டும் புரதங்கள் என்பதால் சூட்டில் செயலிழக்கும். எந்தச் சூட்டில், எவ்வளவு நேரத்தில் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் தவணை வறுவல். 2 கிலோ காய்ந்த விதை, இரும்புச் சட்டி, நடுத்தரத் தீ, 20 நிமிடம். தோல் பொன்னிறம், நல்ல வாசனை. பிளந்து சோதித்தால் பல விதைகளின் நடுப்பகுதி பச்சை. அதே சட்டியில் சில விதைகள் கருகல். ஈரமில்லாத சூட்டில் தடுப்பான் லேசில் அடங்காது. கருகிய இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து கோழிக்கு எட்டாமல் போகிறது. சீராகச் சுழலும் வறுக்கும் இயந்திரம் இல்லாமல் இந்த வழி வேண்டாம்.

இரண்டாம் தவணையில் 1 கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர் விட்டு 10 மணி நேரம் ஊறல். சரியாக ஊறினால் எடை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வரும். பிளந்தால் பருப்பின் உட்புறம் நடுவில் குழியில்லாமல் தட்டையாக இருக்கும். குழி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்து, கொதி வந்ததிலிருந்து 10, 20, 30 நிமிடங்களில் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து வைத்தோம்.

வெந்ததா என்பதைக் கையால் நசுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு யூரியேஸ் சோதனை. சோயாவில் இயல்பாகவே உள்ள யூரியேஸ் நொதி, டிரிப்சின் தடுப்பான் அடங்கும் ஏறக்குறைய அதே சூட்டில் அடங்குகிறது. 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 3 கிராம் யூரியா, நிறம் தெரியுமளவு ஃபீனால் ரெட் என்ற, காரம் பட்டால் சிவக்கும் சாயம். (நீச்சல்குள நீரின் பிஎச் பார்க்கும் சொட்டுக் கரைசல் பெரும்பாலும் இதுதான்.) கரைசல் சிவப்பாக இருந்தால், நீர்த்த வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தேன் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். காயவைத்துப் பொடித்த மாதிரியைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, நனையும் அளவு கரைசல் ஊற்றி 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். யூரியேஸ் உயிரோடிருந்தால் யூரியாவிலிருந்து அம்மோனியா வரும், பொடி சிவக்கும்.

10 நிமிட மாதிரி தட்டு முழுக்கச் சிவந்தது. 20 நிமிடத்தில் திட்டுத்திட்டாக. 30 நிமிடத்தில் அங்கங்கே சில புள்ளிகள் மட்டும். இதுதான் வேண்டிய நிலை. பரப்பில் கால்வாசிக்கு மேல் சிவந்தால் மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். ஒரு புள்ளிகூட இல்லையென்றால் அதுவே நற்சான்று ஆகாது: அளவாக வெந்ததும் அளவுக்கு மீறி வெந்ததும் இதில் ஒன்றுபோலத்தான் தெரியும். பொடி பழுப்பேறியிருந்தால் சூடு மிஞ்சிவிட்டது.

சோதனையே ஏமாற்றும் இடங்கள் இரண்டு. வினிகர் கூடிப்போனால் வேகாததும் சிவக்காது. ஆகவே பக்கத்தில் பச்சை சோயாப் பொடி ஒரு சிட்டிகை எப்போதும் இருக்கட்டும், அது சிவக்காவிட்டால் கரைசலைக் கொட்டிவிடுங்கள். இன்னொன்று அரவை. பச்சை விதை அரைத்த மிக்ஸி ஜாரைக் கழுவாமல் வெந்ததை அரைத்ததால் ஒரு முழுத் தவணை வேகவில்லை என்று தவறாகக் காட்டியது.

அவித்ததை வடித்து, ஒரு விதை கனத்துக்கு மேல் குவியாமல் பரப்பி, பல்லில் கடித்தால் பட்டென்று உடையும்வரை காயவைக்க வேண்டும். குவித்தால் அடியில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நச்சு, விரட்டிய நச்சைவிட மோசம். எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கம் என்பதால் அரைத்தது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். முழு விதையாக வைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது.

சோயாவில் உள்ள இன்னொரு தடையான ஃபைட்டேட் இந்தச் சூட்டில் அசையாது. பாஸ்பரஸைப் பூட்டி வைக்கும் அதற்கு, தீவனத்தில் ஃபைட்டேஸ் நொதி சேர்ப்பதுதான் எளிய வழி.

மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க: யூரியா சேர்த்த தீவனத்தோடு பச்சை சோயாவைக் கலக்கவே கூடாது. தட்டைச் சிவக்கவைத்த அதே அம்மோனியா வயிற்றுக்குள் ஒரேயடியாக வெளிப்பட்டால் மாட்டின் உயிருக்கே ஆபத்து.

பூனைக்காலி விதைக்கு இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் சிக்கல் எல்-டோபா என்ற நச்சுப்பொருள். அது வெறும் சூட்டில் போகாது, தண்ணீரில்தான் கரைந்து வெளியேற வேண்டும். உடைத்து நொய்யாக்கி, நாளுக்கு இரண்டு முறை நீர் மாற்றி மூன்று நாள் ஊறவைத்து, பிறகு அவித்து அந்த நீரையும் கொட்ட வேண்டும். நீர் கறுப்பது எல்-டோபா காற்றுபட்டு மாறுவதால்; நீர் தெளிந்ததை வைத்து நச்சு போய்விட்டது என்று முடிவுகட்ட முடியாது, யூரியேஸ் தட்டும் இங்கே எதையும் சொல்லாது. கோழிக்கு இதைத் தவிர்த்திருக்கிறோம்.