‘சரிங்க மேடம்’ என்றால் உஷார்

திக்குவாய்க்குப் பயிற்சி எடுக்க ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் வரும் இருபது வயதுப் பையனிடம் பேர் கேட்டால், நம்ம மதுரைப் பக்கம் பல நேரம் அப்பாதான் பதில் சொல்வார். அப்பாவை வெளியே உட்காரச் சொல்வதுதான் முதல் வேலை.

அடுத்த தொல்லை மரியாதை. தெரபிஸ்ட் எதைச் சொன்னாலும் பையன் ‘சரிங்க மேடம்’ என்று தலையாட்டுவார். வீட்டுக்குப் போனதும் ஒன்றும் நடக்காது. ‘திக்காமப் பேசணும்’ என்று அவர் சொல்வதை அப்படியே இலக்காக எழுதிக்கொள்வதும் வீண். ‘திக்குறதால எதையெல்லாம் செய்யாம விடுறீங்க?’ என்று கேளுங்கள். ‘பெரியார்’ என்று பஸ் ஸ்டாண்ட் பேரைச் சொல்ல வராமல் மாட்டுத்தாவணிக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பெரியாரில் இறங்குகிற ஆள் அப்போதுதான் வெளியே வருவார். நாக்கில் வசம்பு தேய்த்தது, வாயில் கூழாங்கல் போட்டது எல்லாம் பேச்சில் வந்தால் சிரிக்காதீர்கள்.

‘பெ’ வரும் இடத்தில் உதடு இறுகிக் காற்று நின்றுபோகிறது. திக்குவாய்ச் சிகிச்சையில் பேர்போன அமெரிக்கர் சார்லஸ் வான் ரைப்பரின் முறையில், திக்கிய சொல்லை முடித்து, சுமார் 3 விநாடி நிறுத்தி, இறுக்கத்தைத் தளர்த்தி மறுபடி சொல்வது கேன்சலேஷன். சிக்கியிருக்கும்போதே, பின்வாங்காமல், உதட்டை மெல்ல விட்டு ‘பெ’யை இழுத்து வெளியேறுவது புல்-அவுட். திக்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று பையன் கவனித்து, பயம் கொஞ்சம் தணிவதற்கு முன்பே இவற்றைக் கொடுத்தால், கண்ணை மூடுவது, காலைத் தட்டுவது மாதிரி திக்கலிலிருந்து தப்பிக்க இன்னொரு வித்தையாகிவிடும்.

அறைக்கு வெளியே செய்யும் பயிற்சியை அவரே போடட்டும். பேசப் பயப்படும் பத்துப் பதினைந்து இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை பயத்துக்கு மார்க் கொடுத்து, 3-லோ 4-லோ தொடங்கலாம். ஆனால் முதலில் திக்க வேண்டியது தெரபிஸ்ட். ஜிகர்தண்டா கடையில் வேண்டுமென்றே ‘ஜி-ஜி-ஜி’ என்று நின்று, கடைக்காரர் கண்ணைப் பார்த்தபடியே முடிக்க வேண்டும். பையன் பக்கத்தில் நின்று கவனிக்கட்டும். ‘மேடம், நீங்க கீழ பாத்துட்டீங்க’ என்று அவர் குறை சொன்னால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் யோசித்துக் கொண்டுவரும் பயிற்சிகள் பெரும்பாலும் நம்முடையதைவிடத் தேவலை.

அறையில் சரளமாகப் பேசிவிட்டு பஸ்ஸில் மாட்டிக்கொள்வது சகஜம். அறையில் அவசரப்படுத்த ஆளில்லை. பஸ்ஸில் கண்டக்டர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அதனால் இதே மாதிரி அவசரப்படுத்தும் போன் பேச்சை ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். பயிற்சி செய்யாமல் வந்தால் ‘ஏன் செய்யல?’ என்று கேட்க வேண்டாம். பயத்துக்கான மார்க்கைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். 4 என்று நினைத்தது 8 ஆகியிருக்கும். சாயங்காலக் கூட்டத்தை விட்டுவிட்டு, பதினோரு மணிக்கு உட்கார இடம் கிடைக்கும் பஸ்ஸில் டிக்கெட் கேட்டுப் பார்க்கலாம்.