அரை வேர்க்கடலையும் 9,530 ஜெயிப்பும்

செக்ரட்டேரியட் குதிரையோட 1973 பெல்மாண்ட் ரேஸ் வீடியோவ எப்பயாவது பார்த்திருப்பீங்க, நம்ம தேடலன்னாலும் யூடியூப் தானா தள்ளி விடும். 31 லெங்த் (ஒரு லெங்த்னா ஒரு குதிரை நீளம்) வித்தியாசம், ஒன்றரை மைலுக்கு 2 நிமிஷம் 24 செகண்ட், மண் தரைல இன்னிக்கு வரைக்கும் எந்தக் குதிரையும் அந்த டைம் பக்கம் போகல. எல்லாரும் செக்ரட்டேரியட்டத்தான் பார்ப்பாங்க, கேமராவும் அத மட்டும்தான் பார்க்கும். எனக்கு மட்டும் கண்ணு ஷாம் மேலயே போகும். முதல் ஆறு ஃபர்லாங் (ஒரு ஃபர்லாங் சுமாரா 200 மீட்டர்) வரைக்கும் செக்ரட்டேரியட்டோட தோளோட தோள் உரசி ஓடிட்டு, அதுக்கப்புறம் மூச்சு வாங்கி பின்னாடி வர்ற ஒவ்வொரு குதிரைக்கா வழிவிட்டு, அஞ்சு குதிரை ஓடுன ரேஸ்ல அஞ்சாவதா வந்து சேர்ந்த குதிரை அது. அது மேல உட்கார்ந்திருந்தவரு லஃபீட் பின்காய் ஜூனியர், பனாமாக்காரர், அப்ப அவருக்கு வயசு 26.

இன்னொன்னு கவனிச்சிருக்கீங்களான்னு தெரியல. அமெரிக்கா தலைல தூக்கி வெச்சு கொண்டாடுற ரேஸ் இது. ஆனா செக்ரட்டேரியட் மேல இருந்த ரான் டர்காட் கனடாக்காரர், அந்தக் குதிரைய தயார் பண்ண லூசியன் லாரினும் கனடாதான், ஷாமோட ட்ரெய்னர் பாஞ்சோ மார்ட்டின் கியூபால பிறந்தவரு, மேல பின்காய். ரெண்டு பக்கமும் நாலு பேருமே வெளில இருந்து வந்தவங்க! குதிரைங்கதான் உள்ளூரு.

சரி, பின்காய் கதைக்கு வரேன்.

1946 டிசம்பர் 29ம் தேதி பனாமா சிட்டில பிறந்தாரு. அப்பாவும் ஜாக்கி, அவரு பேரும் லஃபீட் பின்காய்தான். ஆனா இவரு சின்னப் பையனா இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சுட்டாங்க, அப்பா வெனிசுலால குதிரை ஓட்டப் போயிட்டாரு. அதனால அப்பா பக்கத்துல இருந்து தொழில் சொல்லிக் குடுத்தாருன்னு எல்லாம் கதை இல்ல. ப்ரெசிதெந்தே ரெமோன்னு பனாமா சிட்டி ரேஸ் கோர்ஸ், அங்க லாயத்துல காசு வாங்காம வேலை, சாணி அள்றது, ஓடிட்டு வந்த குதிரைய சூடு ஆறுற வரைக்கும் கைல பிடிச்சு நடத்துறது, இப்படித்தான் ஆரம்பம். 1964ல முதல் ஜெயிப்பு. ரெண்டே வருஷத்துல அமெரிக்கா.

எப்படிப் போனாருன்னா, ஃப்ரெட் ஹூப்பர்னு ஒரு பெரிய குதிரை ஓனர், பனாமால யாரு நல்லா ஓட்டுறாங்கன்னு கண்ணு வெச்சுக்கிட்டே இருந்த ஆளு. அவருதான் 1960ல ப்ராலியோ பாயேசாவ கூட்டிட்டுப் போனவரு, பாயேசா மூணே வருஷத்துல அமெரிக்காவோட பெரிய ரேஸான கென்டக்கி டெர்பிய ஜெயிச்சுட்டாரு. அந்த ருசியிலதான் 1966ல பின்காய்க்கு கான்ட்ராக்ட் போட்டாரு. பத்தொம்போது வயசு, இங்கிலீஷ் கிட்டத்தட்ட சுத்தமா தெரியாது, சிகாகோ பக்கத்துல ஆர்லிங்டன் பார்க்ல போய் இறங்குறாரு. முதல் பதினோரு ரேஸ்ல எட்டு ஜெயிப்பு!

இங்க ஒரு விஷயம் சொல்லணும், ஜாக்கின்னா குதிரை மேல ஏறி ஓட்டுறதுதானேன்னு நினைப்போம், ஆனா பாதி வேலை குதிரை கிடைக்கிறதுலதான் இருக்கு. ஒவ்வொரு ஜாக்கிக்கும் ஒரு ஏஜென்ட் இருப்பாரு, விடியக்காலைல லாயம் லாயமா ஏறி இறங்கி ட்ரெய்னருங்ககிட்ட பேசி "எங்க பையனுக்கு இந்தக் குதிரைய குடுங்க"ன்னு கேட்டு வாங்குறது அவரு வேலை. ஜாக்கி சம்பாதிக்கிறதுல கால்வாசி ஏஜென்ட்டுக்கே போயிரும், சேணம் எடுத்து வைக்கிற வாலட்டுக்கு தனியா ஒரு பங்கு. ஜாக்கிக்கு வர்றதே ஜெயிச்சா ஓனர் பங்குல சுமாரா 10 சதவீதம், தோத்தா பேருக்கு ஒரு தொகை. மொழி தெரியாத பையனுக்கு அந்த ஏஜென்ட்தான் வாய், காது எல்லாம். பின்காய் மாதிரி வந்தவங்களுக்கு ஒரு வசதி என்னன்னா லாயத்துல குதிரை தேய்க்கிறவங்க, நடத்துறவங்கன்னு ஸ்பானிஷ் பேசுறவங்க நிறைய பேரு இருப்பாங்க, இப்பல்லாம் அந்த வேலைல பெரும்பாலும் அவங்கதான்.

ஆனா இவரோட உண்மையான எதிரி மொழியும் இல்ல, ஷாமுக்கு முன்னாடி போன செக்ரட்டேரியட்டும் இல்ல. எடை மெஷின்தான்.

இவரு அஞ்சடி ஒரு இன்ச்தான். ஆனா தோளு, நெஞ்சு, தொடை எல்லாம் கல்லு மாதிரி, பழைய போட்டோ பார்த்தா பாக்சர்னு சொல்லலாம். அந்த உடம்புதான் அவரோட பலமே. கடைசி ஒரு ஃபர்லாங்ல, குதிரை களைச்சுப் போய் விட்ருலாமான்னு நினைக்கிற நேரத்துல, கழுத்த தள்ளித் தள்ளி அத முன்னாடி கொண்டு வர்றதுல இவர அடிச்சுக்க ஆளு இல்லம்பாங்க. ஆனா அதே சதைதான் எடை மெஷின்ல ஏறினா முள்ள மேல தூக்கும். சேணம், பூட்ஸ் எல்லாம் சேர்த்து 117 பவுண்டுக்குள்ள, அதாவது 53 கிலோவுக்குள்ள இருக்கணும், ஒரு பவுண்டு ஏறினாலும் குதிரை கைய விட்டுப் போயிரும், இன்னொருத்தருக்குக் குடுத்துருவாங்க. இவரு நார்மலா நம்ம மாதிரி மூணு வேளை சாப்பிட்டா அந்த எடை கனவுலயும் வராது.

அதனால பட்டினி. ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழ, அத வெச்சுக்கிட்டு ஒரே மத்தியானத்துல ஏழெட்டு குதிரை ஓட்டணும், ஒவ்வொன்னும் அரை டன் எடை, மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம். நம்ம வீட்ல கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தாலே ஏழாவது நாள் என்ன பாடு படுத்துவோம், இவரு இத வருஷக்கணக்கா பண்ணிருக்காரு. ரேஸ் உலகத்துல எல்லாரும் சொல்ற ஒரு கதை இருக்கு, பிளைட்ல போறப்ப வேர்க்கடலை பாக்கெட் குடுத்தாங்களாம், இவரு அதுல ஒரே ஒரு கடலைய எடுத்து ரெண்டா உடைச்சு ஒரு பாதிய மட்டும் சாப்பிட்டாராம், மிச்ச பாதிய ரொம்ப நேரம் கழிச்சு சாப்பிட்டாராம். அந்த மிச்ச பாதிய கைலயே வெச்சிருந்தாரா, தட்டுல வெச்சு பார்த்துக்கிட்டே இருந்தாரான்னு எனக்கு அடிக்கடி தோணும்.

இவரு மட்டும்னு இல்ல. ஜாக்கிங்க ரூம்ல ஆவி பிடிக்கிற சூட்டுப் பெட்டில மணிக்கணக்கா உட்கார்ந்து தண்ணி எடையக் குறைக்கிறது, ஒன்னுக்குப் போக மாத்திரை போடுறது, சாப்பிட்டத உடனே வாந்தி எடுக்கிறது, இதெல்லாம் அந்தத் தொழில்ல ஊருக்கே தெரிஞ்ச ரகசியம். வாந்தி எடுக்கறதுக்குன்னே சில ரேஸ் கோர்ஸ்ல தனித் தொட்டி வெச்சிருந்தாங்க. எனக்கு கேட்டா எடை வரம்ப ஒரு அஞ்சு பவுண்டு ஏத்தினா குதிரைக்கு ஒன்னும் ஆகாது. டெர்பிலயே 126 பவுண்டு தூக்கிட்டுத்தானே ஓடுது? காலைல பயிற்சிக்கு ஓட்டுறவங்க பல பேரு இத விட எடை ஜாஸ்திதான், அதுங்க ஓடலையா என்ன.

வயித்தெரிச்சல் என்னன்னா, அப்ப அதிக ரேஸ் ஜெயிச்ச சாதனைய வெச்சிருந்த ஜாக்கி பில் ஷூமேக்கர் நாலடி பதினோரு இன்ச், நூறு பவுண்டு கூட தாண்டாத உடம்பு. அவருக்கு இந்தப் பட்டினித் தொல்லையே கிடையாது. அந்த ஆள் வெச்ச கணக்கத்தான் இந்த ஆள் துரத்துறாரு.

துரத்துறாருன்னா சும்மா இல்ல. 1973ல, அதாவது ஷாமோட தோத்த அதே வருஷம், ஒரே வருஷத்துல 40 லட்சம் டாலர் பரிசுத் தொகை ஜெயிச்ச முதல் ஜாக்கி இவருதான். 1975லயே ஹால் ஆஃப் ஃபேம், இருபத்தெட்டு வயசுல. அப்புறம் 1979ல அஃபர்ம்ட். அந்தக் குதிரை முந்தின வருஷம்தான் ஸ்டீவ் காத்தன்கிற பதினெட்டு வயசுப் பையனோட ட்ரிபிள் கிரவுன், அதாவது டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மாண்ட் மூணையும் ஒரே வருஷத்துல ஜெயிச்சிருந்தது. காத்தன் கலிஃபோர்னியால தொடர்ச்சியா நூறுக்கு மேல தோத்து நொந்து போயி இங்கிலாந்துக்கு கிளம்பிட்டாரு (கென்டக்கிப் பையன் அங்க போய் வெளிநாட்டு ஜாக்கி ஆயிட்டாரு, இதுவும் ஒரு தமாஷ்), குதிரை பின்காய் கைக்கு வந்துது. முந்தின வருஷம் காத்தன் அடிபட்டுக் கிடந்தப்ப டிராவர்ஸ்ங்கிற ரேஸ்ல பின்காய் இதே குதிரைய ஓட்டி, ஆலிடார் குதிரைக்கு குறுக்க போயிட்டாருன்னு முதல் இடத்த பிடுங்கி ரெண்டாவதா போட்டிருந்தாங்க, அந்தக் கடன் பாக்கி இருந்துது. 1979ல பின்காய் மேல இருக்க அஃபர்ம்ட் தொடர்ந்து ஏழு ரேஸ் ஜெயிச்சது.

அதுல கடைசி ஜாக்கி கிளப் கோல்ட் கப்ப மட்டும் தயவுசெஞ்சு தேடிப் பாருங்க. அக்டோபர் மாசம், பெல்மாண்ட் பார்க், நாலே குதிரை, ஒன்றரை மைல். பக்கத்துல ஸ்பெக்டாகுலர் பிட், அந்த வருஷம் டெர்பியும் ப்ரீக்னஸும் ஜெயிச்ச குதிரை, மேல யாருன்னா ஷூமேக்கர். பின்காய் முன்னாடி போயி வேகத்த ஏத்தாம மெதுவா ஓட்டுறாரு, குதிரைக்கு மூச்சு மிச்சம் வைக்கிறாரு. கடைசி வளைவுல ஸ்பெக்டாகுலர் பிட் பக்கத்துல வந்து நிக்குது, இப்ப தாண்டிரும் இப்ப தாண்டிரும்னு நமக்கு பதறுது, அஃபர்ம்ட் காத மடக்கிட்டு விடவே மாட்டேங்குது. முக்கால் லெங்த்ல முடிஞ்சுது. நான் ஓட்டுனதுலயே பெஸ்ட் குதிரை அஃபர்ம்ட்தான்னு அவரே சொல்லிருக்காரு.

கென்டக்கி டெர்பி மட்டும் கைக்கு எட்டாமயே இருந்துச்சு. 1973 டெர்பில ஷாமோட ரெண்டாவது வந்து பதினோரு வருஷம் கழிச்சு, 1984ல ஸ்வேல்ங்கிற, கிட்டத்தட்ட கருப்பா இருந்த குதிரை மேல ஜெயிச்சாரு. அதே குதிரையோட பெல்மாண்ட்டும் ஜெயிச்சாரு, அது அவருக்கு தொடர்ந்து மூணாவது பெல்மாண்ட். எட்டே நாள்ல ஸ்வேல் செத்துப் போச்சு. காலைல பயிற்சி முடிச்சு குளிப்பாட்டிட்டு இருக்கும்போது அப்படியே சரிஞ்சு விழுந்துடுச்சு, காரணம் என்னன்னு உறுதியா யாராலயும் சொல்ல முடியல. அடுத்த வருஷம் ஆரம்பத்துல மனைவி லிண்டாவும் இறந்துட்டாங்க, ரெண்டு பிள்ளைங்க. அந்த 1985லயும் நாட்டுலயே அதிக பரிசுத் தொகை ஜெயிச்ச ஜாக்கி இவருதான். எப்படி ஓட்டுனாரு, வீட்டுக்குப் போய் என்ன பண்ணாருன்னு யோசிச்சா ஒரு மாதிரி இருக்கு.

தொண்ணூறுகள்ல நடுவுல ஆளு டல்லாயிட்டாரு. வயசாச்சு, நல்ல குதிரை குடுக்க ட்ரெய்னருங்க யோசிச்சாங்க, ஷூமேக்கரோட 8,833 ஜெயிப்பு கண்ணுக்குத் தெரியுது ஆனா கிட்ட வர மாட்டேங்குது. அந்த நேரத்துலதான் சாப்பாட்ட மாத்துனாரு, பழம், நிறைய பழம். முப்பது வருஷம் பட்டினி கிடந்த மனுஷன் ஐம்பது வயசுல முதல் முறையா ஓரளவு வயிறு ரொம்ப சாப்பிட்டுட்டு எடையும் ஏறாம, தெம்பு வந்து, திரும்ப மடமடன்னு ஜெயிக்க ஆரம்பிச்சாரு. இத முன்னாடியே யாராவது சொல்லிக் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு ரேஸ் பைத்தியம் பிடிச்ச நானும் என் ஃப்ரெண்டும் சண்டை போட்டிருக்கோம். 10,000 தாண்டியிருப்பாருங்கிறது என் கட்சி.

1999 டிசம்பர் 10, ஹாலிவுட் பார்க், ஐரிஷ் நிப்னு ஒரு சாதாரண குதிரை. 8,834. வீல் சேர்ல உட்கார்ந்து ஷூமேக்கரே வந்து வாழ்த்துனாரு, அவரு 1991ல கார் ஆக்சிடென்ட்ல கழுத்துக்குக் கீழ செயலிழந்து போனவரு. அந்த ஹாலிவுட் பார்க் இப்ப இல்ல, 2013ல மூடிட்டாங்க. எல்ஏல சோஃபை ஸ்டேடியம் போறீங்கல்ல, அந்த எடம்தான். பார்க்கிங்குக்கு எவ்ளோ பிடுங்குறானுங்கன்னு திட்டிக்கிட்டே நான் நடந்து போன எடத்துல ஒரு காலத்துல குதிரை ஓடிருக்கு.

அதோட நிறுத்திருக்கலாம், நிறுத்தல. 2003 மார்ச் 1ம் தேதி, வயசு 56, சாண்டா அனிடால புல்தரை ரேஸ்ல பக்கத்து குதிரை குறுக்க வந்து இவரு குதிரை தடுக்கி, கீழ விழுந்தாரு. முதல்ல பெருசா ஒன்னும் இல்லன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, சில நாள் வலியோடயே நடமாடிட்டு திரும்பப் போய் பார்த்தா கழுத்து எலும்பு உடைஞ்சிருக்கு! இனி ஓட்டக்கூடாதுன்னு டாக்டருங்க சொல்லி, ஏப்ரல் கடைசில மனசே இல்லாம விட்டாரு. மொத்தம் 48,486 ரேஸ், 9,530 ஜெயிப்பு. அதாவது கிட்டத்தட்ட 39,000 தடவ தோத்திருக்காரு, அதுக்கும் அதே பட்டினிதான் கிடந்திருக்காரு. 2006ல ரசல் பேஸ்ங்கிற ஜாக்கி அந்த 9,530 கணக்க தாண்டிட்டாரு.

பனாமால ஜாக்கி ஆக பசங்கள தயார் பண்ற ஸ்கூல் ஒன்னு இருக்கு, அதுக்கு இவரு பேருதான். பெல்மாண்ட்ட 2021லயும் 2024லயும் ஜெயிச்ச லூயிஸ் சாயேஸ் அங்க படிச்சவருதான். அவரோட தம்பி ஹுவானும் ஜாக்கி. 2014ல பதினேழு வயசுல, இண்டியானால ஒரு ரேஸ்ல விழுந்து இறந்துட்டான். இது தெரிஞ்சும் வருஷா வருஷம் பசங்க அந்த ஸ்கூலுக்கு வந்துக்கிட்டுதான் இருக்காங்க, அங்கருந்து கிளம்பி ஃப்ளோரிடா, நியூயார்க்னு போயிட்டுதான் இருக்காங்க. அடுத்த மே மாசம் முதல் சனிக்கிழமை டெர்பி பார்த்தீங்கன்னா ஜாக்கிங்க பேர மட்டும் ஒருக்க படிச்சுப் பாருங்க, பனாமா, வெனிசுலா, போர்ட்டோ ரிக்கோன்னு பாதி லிஸ்ட் அங்கதான் போய் நிக்கும்.