அல்சூரில் ஒரு தெற்குக் கோபுரம்: 48 தாள், 24 பேர்

மதுரையை வரைந்த ஓவியர் மனோகர் தேவதாஸுக்காக பெங்களூரு அல்சூரில் வைத்திருக்கும் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். முதலில் ஆட்டோ, ஏனென்றால் கோபம் இன்னும் ஆறவில்லை. பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து அல்சூர் ஏரிக்கரைக்கு நாலு கிலோமீட்டர்கூட முழுசாக வராது. இப்போதைய மீட்டர் கணக்கு முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. தாராளமாக நாலு என்றே வைத்தாலும் 72 ரூபாய். கேட்டது 250. "அண்ணே, மீட்டர் போடுங்க" என்றால், "மழை வருது பாருங்க" என்று பளிச்சென்ற வானத்தைக் காட்டுகிறார்கள். தமிழ் பேசினால் குறையும் என்ற நப்பாசையும் வேண்டாம். அந்த 250-ஐத் தமிழில்தான் கேட்டார்கள். ஸ்டேஷன் வாசலை விட்டு மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துங்கள். நின்றுகொண்டிருக்கும் ஆட்டோ என்றாலே ரேட் வேறு.

மதுரையிலிருந்து வருகிறவர்களுக்குக் காசு முக்கியம் என்றால் கன்டோன்மென்டில் இறங்கவே வேண்டாம். மதுரையிலிருந்து அதிகாலை 5:15-க்குக் கிளம்பும் வந்தே பாரத் (செவ்வாய் கிடையாது) மதியம் ஒரு மணி வாக்கில் இங்கே கொண்டுவந்து விடும். டிக்கெட் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும். ராத்திரி தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் போட்டால் அதில் கால் பங்குகூட ஆகாது. காலையில் சிட்டி ஸ்டேஷனில் இறங்கி மெட்ரோ பர்ப்பிள் லைனைப் பிடித்தால் ஏழாவது ஸ்டேஷன் அல்சூர். பலகையில் ஹலசூரு என்றிருக்கும்.

இத்தனை தூரம் எதற்கு? மனோகர் தேவதாஸுக்காக. 1936-ல் மதுரையில் பிறந்தவர், அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தவர், மதுரைப் பையன்களின் கதையை ஆங்கிலத்தில் ‘கிரீன் வெல் இயர்ஸ்’ என்று எழுதி, படங்களையும் தானே வரைந்தவர். பேனா மையில் கோடு கோடாக இழுத்து அவர் போட்ட கோபுரங்களையும் தெருக்களையும் வாழ்த்து அட்டைகளில் பார்த்திருப்பீர்கள். 2020-ல் பத்மஸ்ரீ, 2022 டிசம்பரில் மறைவு. அவர் வாழ்க்கையை வைத்து இங்குள்ள தமிழ்க்காரர்கள் 24 பேர் சேர்ந்து, அல்சூரில் ஒரு மாடி ஹாலை வாடகைக்குப் பிடித்து ஒரு கூட்டுக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். நுழைவு இலவசம். லிஃப்ட் இல்லை, மாடிப்படி செங்குத்து. பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க.

உள்ளே நுழைந்ததும் நேர் சுவரில் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம். ஏ4 தாள் 48, அகலத்துக்கு ஆறு, உயரத்துக்கு எட்டு; மொத்தம் 126 செ.மீ.க்கு 237.6 செ.மீ. ஆளுக்கு இரண்டு தாள். தேவதாஸின் படத்தை அப்படியே காப்பி அடிக்கவில்லை, அது பெரிய நிம்மதி. தாங்களே எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் கட்டம் போட்டு, அவர் முறையில் வெறும் கோட்டால் வரைந்திருக்கிறார்கள். ஒரு தாளுக்குப் பத்து மணி நேரமாவது பிடித்திருக்கிறது.

எட்டடி தள்ளி நின்றால் அபாரம். ஒரு அடிக்கு வந்தால்தான் வேடிக்கை. மூன்றாவது வரிசையில் ஒரு யாளி, பாதி முகம் இந்தத் தாளில், மீதி அடுத்த தாளில். இடப் பாதி பூனை முடி மாதிரி மெல்லிய கோடு, வலப் பாதி கரி அப்பியது போல. ஆள் மாறியது மட்டும் காரணமில்லை, பேனாவும் மாறியிருக்கிறது. "எல்லாரும் 0.1-ல் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். டெக்னிக்கல் பேனாவில் 0.1 என்றால் 0.1 மி.மீ.தான். மைக்ரான் என்ற பிராண்ட் பேனாவில் 01 என்று போட்டிருப்பது வெறும் நம்பர், கோடு 0.25 மி.மீ. வரும். அதிலேயே 005 வாங்கினால்கூட 0.20. கடையில் மூடியைப் பார்த்து வாங்கியவர்கள் எல்லாரும் இதில் மாட்டியிருக்கிறார்கள். கூட்டாக வரைய நினைப்பவர்கள் ஒரே கம்பெனிப் பேனாவை மொத்தமாக வாங்கி ஆளுக்கு இரண்டு கொடுத்துவிடுவதுதான் சரி. கூடவே ஒரு சாம்பிள் பட்டையும் வேண்டும்: ஒரு மி.மீ. இடைவெளியில் ஒரு அடுக்குக் கோடு, அதன்மேல் குறுக்காக இன்னொன்று, அதன்மேல் சாய்வாக மூன்றாவது, கடைசியில் முழுக் கறுப்பு. நிழல் எவ்வளவு என்பதை "கொஞ்சம் டார்க்காக" என்று வாய்வார்த்தையில் சொன்னால் 24 விதமாக வரும். வந்திருக்கிறது.

இரண்டாவது சொதப்பல் பிரிண்டர். மேலிருந்து ஐந்தாவது வரிசை முழுக்கக் கொடுங்கை (வெளியே நீண்டு வளையும் கூரை) விளிம்பு பக்கத்துத் தாளோடு சேரவில்லை. பிரிண்ட் எடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ விழுந்திருக்கிறது. மூன்று சதவீதம் சுருங்கினாலே 21 செ.மீ. அகலத்தில் ஆறு மி.மீ. போய்விடும். வீட்டுப் பிரிண்டர் ஏ4-ல் ஓரம்வரை அடிக்காது என்பதால் ஏ3-ல் ‘ஆக்சுவல் சைஸ்’ வைத்து எடுத்து வெட்டியிருக்க வேண்டும். மூன்றாவது, ஸ்கேல். தெற்குக் கோபுரத்தின் அழகே இரு ஓரமும் உள்வாங்கி வளைந்து ஏறுவதில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் தாளில் மட்டும் பார்த்தால் அந்த வளைவு நேர்கோடு போலத்தான் தெரியும். ஸ்கேல் வைத்து இழுத்துவிட்டார்கள். சேர்த்து ஒட்டியதும் வளைவு முழங்கை முழங்கையாக மடங்கி நிற்கிறது. மதுரைக்காரர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். கோந்து போட்டு ஒட்டிய நாலு தாள் நனைந்த அப்பளம் மாதிரி நெளிந்தும் கிடக்கிறது. மற்றவை ஃபோம் போர்டில் டபுள்சைட் டேப்பில் சமர்த்தாக இருக்கின்றன.

இவ்வளவு குறை சொன்னதால் போகாமல் இருந்துவிடாதீர்கள். எதிர்ச் சுவரோரம் ஒரு மேஜையில் கறுப்பு சார்ட் பேப்பரில் சுருட்டிய குழல்கள் இருக்கும், 30 செ.மீ. நீளம், இரண்டரை செ.மீ. விட்டம். ஒன்றை எடுத்து ஒரு கண்ணில் வைத்து மற்றதை மூடிக்கொண்டு, கோபுரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள். எட்டு செ.மீ. வட்டம்தான் தெரியும், ஒரு தாளில் பாதி அகலம்கூட இல்லை. கலசத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கிப் பாருங்கள். இரண்டாம் நிலைக்குள் வழி தவறிவிடும். தேவதாஸுக்கு இருந்தது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரையில் குச்சி செல்கள் முதலில் அழியும், அதனால் இரவுப் பார்வை போகும். பிறகு ஓரப் பார்வை சுருங்கிச் சுருங்கிக் குழல் வழியாகப் பார்ப்பது போலாகும். சிறுகச் சிறுக அப்படி ஆகிக்கொண்டிருந்த கண்ணோடுதான் அவர் தொடர்ந்து வரைந்தார். முழுப் படத்தையும் மனதில் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாகக் கோடு சேர்ப்பது. நல்ல கண்ணுள்ள 24 பேருக்கு அந்த வளைவு பிடிபடவில்லை என்பதைக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் சுருக்கென்றிருக்கும். குழலை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. குழந்தைகள் அதை வைத்து வாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து அறை தேவதாஸின் மனைவி மஹிமாவுக்கு. 1972-ல் நடந்த கார் விபத்தில் தோளுக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். கணவர் வரைய, அட்டையின் பின்பக்கக் குறிப்பை அவர் எழுத, விற்ற பணம் கண் மருத்துவ உதவிக்குப் போனது. 2008-ல் அவர் காலமாகும்வரை கூட்டுக் கலை என்றால் அவர்கள் இருவரும்தான். இந்த அறையில் பங்கேற்றவர்கள் ஜோடி ஜோடியாக அட்டை செய்திருக்கிறார்கள், ஒருவர் படம், ஒருவர் குறிப்பு. படங்களைவிடக் குறிப்புகள் நன்றாக இருக்கின்றன. புதுமண்டபத்துத் தையல்காரர்களைப் பற்றிய நாலு வரி அட்டையை வாங்கிவிடலாம், 40 ரூபாய். ஃபிரேம் போட்ட பிரதி 900 என்கிறார்கள். கண்ணாடிகூட இல்லை, அக்ரிலிக். வேண்டாம். அந்த மூலையில் இருக்கும் வண்ண விளக்கு செல்ஃபி ஸ்டாண்ட் எதற்கென்றே புரியவில்லை.

சாப்பாட்டைச் சொல்ல மறந்தால் பாவம். மெட்ரோவிலிருந்து ஹாலுக்கு நடக்கிற வழியில் சந்துக்குள் நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி ஒன்று. சௌ சௌ பாத் கேளுங்கள்: ஒரே தட்டில் ஒரு குத்து காரா பாத் (காரமான ரவை உப்புமா), ஒரு குத்து கேசரி பாத். கேசரியில் அன்னாசித் துண்டு, விரலில் நெய். 60 ரூபாய். காபியை ‘பை டூ’ என்றால் ஒன்றை இரண்டாகப் பிரித்துத் தருவார்கள், பட்ஜெட்டுக்கும் நல்லது. சாம்பார் பக்கம் போகாதீர்கள், வெல்லம் தூக்கலாக இருக்கும். மதியத்துக்குத் தொன்னை பிரியாணி: சீரகச் சம்பா அரிசி, புதினாப் பச்சை, இலைத் தொன்னையில் வரும். சூடு குறைவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லையென்றால் தொன்னையின் அடி ஒழுகிச் சட்டையில் இறங்கும்.

நேரம்: காலை பதினொன்றுக்குத் திறக்கிறார்கள். மூன்று மணிக்குள் பார்த்துவிடுங்கள். அதன்பின் கிழக்கு ஜன்னல் வெளிச்சம் போய் ட்யூப்லைட் போடுகிறார்கள். டேப் ஒட்டிய விளிம்பெல்லாம் பளபளத்து மெல்லிய கோடுகள் காணாமல் போகின்றன. மிச்ச நேரத்துக்கு அல்சூர் சோமேஸ்வரர் கோயில் இருக்கிறது, நடந்தே போகலாம். மேஜையிலிருந்து ஒரு கறுப்புக் குழலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்துவிடுகிறார்கள். கோபுரத்தை அதன் வழியாகவும் ஒருமுறை பார்க்கலாம். கோயில் வாசலில் ஆட்டோ ஏறாதீர்கள்.