கதையில் ஒரு சாவு: அழுகை எப்போது, ஆத்திரம் எப்போது

ஃபேன்டசி நாவலில் மனதுக்கு நெருக்கமான பாத்திரம் செத்துப்போனால் பெரும்பாலான வாசகர்கள் உடனே அழுவதில்லை. இரண்டு பக்கம் பின்னால் புரட்டுகிறார்கள். கத்தி எங்கே இறங்கியது, வைத்தியர் எவ்வளவு தூரத்தில் இருந்தார், போன பாகத்தில் வந்த அந்த மூலிகை யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். உண்மையை ஏற்க மறுக்கிறார்கள் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. யதார்த்த நாவலில் ஒருவர் நோயில் கிடந்து சாகும்போது தப்ப வழியில்லை என்பது வாசகருக்குத் தெரியும். மந்திரமும் மறுபிறப்பும் உள்ள உலகத்தில் வழி இருக்கலாம். அதைத் தேடுகிறவர் அந்த உலகத்தின் விதிகளை மதித்துப் படிக்கிறார் என்றுதான் அர்த்தம்.

பழகிய வாசகர் தேடுவதற்கு ஒரு முறை வைத்திருப்பார். உடலை யாராவது பார்த்தார்களா, இல்லை தூதன் கொண்டுவந்த செய்தி மட்டும்தானா? அத்தியாயம் யாருடைய பார்வையில் நகர்கிறது? சாகிறவரின் பார்வையிலேயே போய், நினைவு மங்கும் இடத்தில் அறுந்தால் அது வெறும் மயக்கமாகவும் இருக்கலாம். பள்ளத்திலோ நீரிலோ விழுந்தவரைப் பற்றிச் சந்தேகம் இன்னும் அதிகம். ஃபேன்டசிக்கு வெளியே இதற்குப் பழைய உதாரணம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ். 1893 டிசம்பரில் வந்த கதையில் அவர் அருவியில் விழுந்து இறந்ததாக அவர் நண்பர் வாட்சன் முடிவு கட்டினார். அவர் கண்டதோ காலடித் தடங்கள், ஒரு கைத்தடி, ஒரு கடிதம், உடலைக் காணவில்லை. 1903-இல் ஹோம்ஸ் திரும்பி வந்துவிட்டார். டோல்கியனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் வரும் மந்திரவாதி கண்டால்ஃபும் பாதாளத்தில்தான் விழுந்தார், முடிவை யாரும் பார்க்கவில்லை. முதல் பாகம் 1954 ஜூலையில் வந்தது. அவர் திரும்பி வரும் இரண்டாம் பாகம் அதே ஆண்டு நவம்பரில் வந்தது.

இந்தத் தேடலில் ஒரு வகைத் தடயத்தை மட்டும் நம்பவே வேண்டாம். ‘இவர் இன்னும் அந்த வாக்கை நிறைவேற்றவில்லை, அதனால் சாக முடியாது’ என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். நல்ல ஆசிரியர் வாக்கை நிறைவேறாமல் விடுவது பல நேரம் தெரிந்தே செய்வதுதான். வாசகர் மனதில் வலி தங்குவதே அந்த மிச்சத்தால்தான்.

தேடி முடித்து, சாவு உறுதி என்று தெரிந்த பிறகு இரண்டு வகை உணர்ச்சி வருகிறது. இரண்டையும் ‘சோகம்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் பகுதியான மெய்ப்பாட்டியல் இவற்றைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. அழுகைக்கு அது சொல்லும் நான்கு காரணங்கள் இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (முன்பிருந்த நிலை கெடுதல்), வறுமை. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, சொல்லும் நான்கு உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடியைச் சார்ந்தவர்களுக்குக் கேடு செய்தல்), அலை (அடித்து வருத்துதல்), கொலை. கவனியுங்கள்: இழவு அழுகையில் இருக்கிறது, கொலை வெகுளியில் இருக்கிறது. ஒரே சாவை இழப்பாகப் பார்த்தால் கண்ணீர் வரும், கொலையாகப் பார்த்தால் கோபம் வரும். கதைக்குள் கொன்றவன் தெரியும்போது கோபம் வில்லன் மேல் போகும். அதனால் கதைக்கு நஷ்டமில்லை, அடுத்த நூறு பக்கத்தை அந்தக் கோபமே இழுத்துக்கொண்டு போகும். கொன்றவர் ஆசிரியர் என்று வாசகருக்குத் தோன்றிவிட்டால்தான் சிக்கல். அப்போது அழுகை வரவே வராது, புத்தகத்தைத் தூக்கி எறிவார்கள்.

ஆசிரியரின் கை எப்போது வெளியே தெரிகிறது? இரண்டாம் பாகத்தில் செத்துக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றிய மருந்து நான்காம் பாகத்தில் யாருக்கும் ஞாபகம் வராதபோது. ஆறு நாள் பயணம் என்று சொல்லப்பட்ட தூரத்தை எதிரி ஓரிரவில் கடந்து வரும்போது. ஆயிரம் பக்கம் எச்சரிக்கையாக இருந்த தளபதி அந்த ஒரு நாள் மட்டும் காவலில்லாமல் கூடாரத்தில் தூங்கும்போது. கதாநாயகனுக்குக் கோபம் மூட்டுவதற்காகவே அவன் காதலியோ தங்கையோ சாகடிக்கப்படும்போது. கடைசியில் சொன்னது மிகப் பழைய குற்றம், இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கென்று ஓர் ஆசையோ வேலையோ முன்பே இல்லாவிட்டால், அவள் சாவில் வாசகர் இழக்க எதுவுமே இருக்காது.

இதற்கு நேரெதிரான பாடம் கர்ணன். அவன் சாவில் திடீரென்று எதுவும் நடப்பதில்லை. பிறவியோடு வந்த கவச குண்டலத்தை இந்திரன் தானமாக வாங்கிப் போகிறான். பதிலுக்குக் கிடைத்த சக்தி ஆயுதம் கடோத்கசன் மேல் செலவாகிறது. தேவையான நேரத்தில் மந்திரம் மறக்கும் என்று பரசுராமர் சாபம் கொடுத்திருக்கிறார். நாகாஸ்திரத்தை அர்ஜுனன் மேல் இரண்டாம் முறை விடுவதில்லை என்று குந்தியிடம் அவனே வாக்குக் கொடுத்திருக்கிறான். கடைசியில் தேர்ச்சக்கரமும் மண்ணில் புதைகிறது. ஒவ்வொரு கதவும் நம் கண்ணெதிரே சாத்தப்படுகிறது. அவற்றில் சிலவற்றை அவனே, தன் குணத்தால், தெரிந்தே சாத்துகிறான். சக்கரம் புதையும்போது ‘வேறு வழி இருந்ததே’ என்று கேட்க இடமில்லை. தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் இன்னும் ஒரு படி போகிறார்: குற்றுயிராய்க் கிடப்பவனிடம் கண்ணன் வேதியர் வடிவில் வந்து அவன் செய்த புண்ணியத்தையே தானமாகக் கேட்கிறான், கர்ணன் தன் குருதியால் தாரை வார்த்துக் கொடுக்கிறான். முடிவு என்ன என்று எல்லோருக்கும் தெரிந்த கதை இது. இருந்தும் ஒவ்வொரு முறையும் அழ வைக்கிறது. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடும் ஸ்பாய்லர் அதிர்ச்சியைத்தான் கெடுக்கும், இழப்பை அது தொடாது.

எழுதுகிறவர்கள் சாவுக் காட்சிக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது அதன் பின்வரும் பக்கங்களுக்குக் கொடுக்க வேண்டும். கடைசி வசனத்தைப் பத்து முறை திருத்துவார்கள், அடுத்த அத்தியாயத்தில் படை மறுபடி நடக்கத் தொடங்கிவிடும். கூட வந்தவர்களே அழாத இடத்தில் வாசகர் எப்படி அழுவார்? கண்டால்ஃப் விழுந்தவுடன் அவரோடு பயணம் செய்த குழுவினருக்கு நின்று துக்கப்பட நேரமில்லை, ஓடித்தான் ஆக வேண்டும். அந்தத் துக்கத்தை டோல்கியன் கைவிடவில்லை. லோத்லோரியன் காட்டுக்குள் பாதுகாப்பாகச் சேர்ந்த பிறகு அங்குள்ள எல்ஃப் இனத்தவர் அவருக்காகப் பாடும் இரங்கல் பாட்டில் அதைத் திருப்பிக் கொடுக்கிறார். முக்கியப் பாத்திரம் என்றால் ஒரு முழு அத்தியாயமாவது இதற்கு வேண்டும் என்பது என் கணிப்பு. அதில் சாவுச் செய்தி இன்னும் தெரியாத ஒருவருக்குச் செய்தி போய்ச் சேரும் காட்சி இருந்தால் போதும், வாசகர் உடைந்துபோவார். சாவின்போது உறைந்து நின்றவர்கள்கூட இந்த இடத்தில் அழுவார்கள், ஏனென்றால் இப்போது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும், எதிரே நிற்பவருக்குத் தெரியாது.

இறந்தவரை நினைத்து இரங்கும் நம் கையறுநிலைப் பாடல்களை, கதை எழுதுகிறவர்கள் ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்கலாம். பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112-ஆம் பாட்டு ஐந்தே அடி. போர்க்களம் இல்லை, ரத்தம் இல்லை, பாரியின் பெயர்கூட இல்லை. போன மாத நிலவில் தந்தை இருந்தார், குன்றும் இருந்தது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான். மாறாமல் இருக்கும் ஒரு பொருளை நடுவில் வைத்து, அதன் இரு பக்கமும் முன்பையும் இப்போதையும் நிறுத்துகிற முறை இது. ஃபேன்டசியில் அந்தப் பொருள் குதிரையாக இருக்கலாம், இனி யாரும் கூப்பிடாத செல்லப் பெயராக இருக்கலாம். ஒன்று போதும். வாளும் மோதிரமும் பாதி எழுதிய கடிதமும் சேர்ந்து வந்தால் வாசகருக்கு ஆசிரியரின் கை மறுபடி தெரிந்துவிடும்.

வாசிக்கிறவர்களுக்கு வருகிறேன். ‘கதைதானே’ என்று யாராவது சொன்னால் கூசிப்போக வேண்டாம். மணிக்கு 40 பக்கம் படிப்பவருக்கு 800 பக்க நாவல் 20 மணி நேரம் எடுக்கும். ஐந்து பாகம் என்றால் 100 மணி நேரம். அந்த நேரம் முழுக்க அந்தப் பாத்திரத்தின் மனதுக்குள்ளேயே இருந்திருக்கிறீர்கள், நெருங்கிய நண்பர்கள்கூட நம்மை அவ்வளவு உள்ளே விடுவதில்லை. நேரில் அறியாத ஒருவரோடு ஏற்படும் இப்படியான ஒருவழி உறவைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதினார்கள். அவர்கள் பேசியது வானொலி, தொலைக்காட்சி முகங்களைப் பற்றி. துக்கத்தின் ஐந்து நிலைகள் என்று எல்லோரும் சொல்வதை மட்டும் இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். 1969-இல் மனநல மருத்துவர் கூப்ளர்-ராஸ் அதை எழுதியது தம் மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளைக் கவனித்து. வாசகரின் துக்கம் வரிசைப்படி வருவதில்லை. சிலருக்கு மூன்று நாள் கழித்து, வேறு புத்தகம் படிக்கும்போது வரும்.

சாவு நடந்த பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடாமல் அந்த அத்தியாயத்தை முடித்துவிடுவது நல்லது. மூடினால் கடைசியாக மனதில் நிற்பது அந்த வெட்டுதான், இரவெல்லாம் அதுவே ஓடும். ஒலிப்புத்தகத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பவர்கள் இந்த இடத்தில் சாதாரண வேகத்துக்கு வந்துவிடுங்கள், வாசிப்பவர் விடும் மௌனங்களை வேகம் சாப்பிட்டுவிடும். உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கக் கடைசி அத்தியாயத்தில் பெயரைத் தேடுவது வீண். நினைவுகூரும்போதும் பெயர் வரும். அடுத்த பாகத்தின் முன்னால் உள்ள பாத்திரப் பட்டியலையும் பின்னிணைப்பில் உள்ள வம்சாவளியையும் தொடாதீர்கள். இறந்த ஆண்டு அங்கே அச்சிடப்பட்டிருக்கும், இன்னும் படிக்காத நான்கு சாவுகளும் சேர்ந்து தெரிந்துவிடும்.

நண்பர் ஒருவர் இப்படி உடைந்து நிற்கிறார், நீங்கள் அடுத்த பாகம் படித்தவர் என்றால் வாயைக் கட்டுங்கள். ‘பொறு, பார்க்கலாம்’ என்பதே ஸ்பாய்லர்தான். ‘எந்த இடத்தில் தாங்க முடியவில்லை?’ என்று கேளுங்கள், மீதியை அவரே பேசுவார். அழுகை பல வாரம் நீண்டு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால், பின்னால் உண்மையான ஓர் இழப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதையில் ஒரு அப்பா செத்ததும், அதுவரை அழாமல் வைத்திருந்த சொந்த அப்பாவுக்கான அழுகை வெளியே வருவது உண்டு. அப்போது பேச வேண்டியது அந்த அப்பாவைப் பற்றி.

செத்தவரைத் திருப்பிக் கொண்டுவரும் கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரும்பி வருவதற்கு விலை இல்லாவிட்டால் வாசகர் அழுத அழுகை செல்லாமல் போகும், அடுத்த சாவை அவர் நம்பமாட்டார். கண்டால்ஃப் வேறு ஆளாகத்தான் வருகிறார். பழைய நண்பர்கள் கூப்பிட்ட பிறகே தன் பெயர் அதுதான் என்று அவருக்கு நினைவு வருகிறது.

குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுபவர்கள் ஒரு அத்தியாயம் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள். சாவு வரும் இரவில் அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, அடுத்து வரும் அமைதியான பகுதி வரை வாசித்து நிறுத்துங்கள். ‘திரும்பி வருவாரா?’ என்று குழந்தை கேட்டால், வரமாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், வரமாட்டார் என்றே சொல்லுங்கள். நாளை தொடர்ந்து படிக்கலாமா, இரண்டு நாள் விடலாமா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.